பக்கத்தில் ஒரு பெரிய நாடு வளர்ந்தால் நமக்கு என்ன? சிங்கப்பூரில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

20 ஆண்டுகளுக்கு மேலாகச் சரக்கு அனுப்பும் நிறுவனங்களில் ஆவண வேலை பார்க்கிறேன். எந்தப் பெட்டி எந்த ஊரிலிருந்து வருகிறது, எந்தத் தீர்வைச் சலுகையில் நுழைகிறது என்று பார்ப்பதுதான் அன்றாடப் பிழைப்பு. அதனால் சீனாவைப் பற்றி ஏதாவது செய்தி வந்தால் சொந்தக்காரர்களும் பிள்ளைகளின் நண்பர்களும் என்னிடம் கேட்பார்கள். திரும்பத் திரும்ப வந்த கேள்விகளையும் நான் சொல்கிற பதில்களையும் இங்கே சேர்த்திருக்கிறேன். பெரும்பகுதி சீனாவைப் பற்றியது. இந்தியாவும் வருகிறது.

சீனா வளர்வது சிங்கப்பூருக்கு லாபமா, நட்டமா?

மொத்தமாகக் கேட்டால் லாபம்தான். 2013-லிருந்து நம்முடைய ஆகப் பெரிய வர்த்தகப் பங்காளி சீனா. அதே ஆண்டிலிருந்து சீனாவில் ஆக அதிகம் முதலீடு செய்கிற வெளிநாடு சிங்கப்பூர். 2024-ல் இங்கே வந்த சீனச் சுற்றுப்பயணிகள் 30 லட்சத்துக்கும் மேல். வேறெந்த நாட்டிலிருந்தும் அத்தனை பேர் வரவில்லை.

ஆனால் "சிங்கப்பூருக்கு" என்று கேட்பதைவிட "சிங்கப்பூரில் யாருக்கு" என்று கேட்பது நல்லது. புளோக்கின் கீழ்த்தளத்தில் கல்யாணம் நடக்கிற நாளை நினைத்துக்கொள்ளுங்கள். சமையல்காரருக்கு வேலை, விருந்துக்குப் போகிறவர்களுக்குப் பிரியாணி. இரவு ஷிப்ட் முடிந்து வந்து படுத்தவருக்கோ அன்று தூக்கமே இல்லை. எல்லோரும் ஒரே புளோக்கில்தான் இருக்கிறார்கள்.

என் மாமா சிராங்கூன் சாலைக்குப் பின்பக்கச் சந்தில் பிளாஸ்டிக் பூ, தோரணம், பொம்மை என்று மொத்த வியாபாரம் செய்தார். 1990-களில் சீனாவின் யீவூ நகரச் சந்தையிலிருந்து சரக்கு இறக்க ஆரம்பித்ததும் வியாபாரம் மளமளவென்று ஏறியது. ஜொகூர், பாத்தாம் கடைக்காரர்கள்கூட அவரிடம் வந்து வாங்கினார்கள். பத்து வருஷம் போனது. அதே கடைக்காரர்கள் நேராக யீவூவுக்கே போய் வர ஆரம்பித்தார்கள். அப்புறம் போகவும் தேவைப்படவில்லை, கைப்பேசியிலேயே வாங்கினார்கள். மாமாவைத் தூக்கிவிட்டதும் சீனாவின் வளர்ச்சி, அவரை நடுவிலிருந்து எடுத்துவிட்டதும் அதே வளர்ச்சி.

சிங்கப்பூரும் ஒரு விதத்தில் அந்தக் கடை மாதிரிதான். ஒருவரிடம் வாங்கி இன்னொருவருக்குக் கொடுத்து வளர்ந்த ஊர். கீழே வரும் பதில்களை எழுதும்போது மாமாவின் கடை எனக்குத் திரும்பத் திரும்ப ஞாபகம் வந்தது.

இதெல்லாம் எப்போது தொடங்கியது?

1978 நவம்பரில் சீனத் தலைவர் டெங் சியாவ்பிங் சிங்கப்பூர் வந்தார். அடுத்த மாதமே சீனா பொருளியல் சீர்திருத்தத்தைத் தொடங்கியது. அரசதந்திர உறவை மட்டும் நாம் 1990 அக்டோபரில்தான் ஏற்படுத்தினோம். இந்தோனேசியா முதலில் செய்யட்டும் என்று காத்திருந்தோம், சீனாவின் கைப்பிள்ளை என்று அண்டை நாடுகள் நினைத்துவிடக் கூடாது என்பதற்காக. பெரிய மாற்றம் வந்தது 2001 டிசம்பரில், சீனா உலக வர்த்தக நிறுவனத்தில் சேர்ந்தபோது. அதற்குப் பிறகு சில ஆண்டுகளிலேயே என் மேசையில் இருந்த காகிதங்களில் பாதிக்கு மேல் சீனத் துறைமுகங்களின் பெயர்கள்.

சூச்சோ தொழிற்பூங்காவில் சிங்கப்பூர் ஏமாந்துபோனது என்கிறார்களே, உண்மையா?

ஏமாந்தது என்ற சொல்லை நான் பயன்படுத்த மாட்டேன். அடிபட்டது உண்மை.

1994-ல் சீனாவின் சூச்சோ நகரத்துக்குப் பக்கத்தில் ஒரு தொழில்நகரத்தையே கட்டித் தருவதாக நாம் இறங்கினோம். 65 விழுக்காட்டுப் பங்கு நம்முடையது. நிலம், சாலை, கழிவுநீர் மட்டுமல்லாமல் நம் ஜூரோங் தொழிற்பேட்டையில் நாம் கற்ற நிர்வாக முறையையும் சேர்த்துக் கொடுப்பதாகத் திட்டம். ஆனால் உள்ளூர் அதிகாரிகளுக்குச் சொந்தமாக வேறொரு தொழில்வட்டாரம் நகரத்தின் இன்னொரு பக்கத்தில் இருந்தது. அவர்கள் அதைத்தான் குறைந்த விலையில் முதலீட்டாளர்களுக்குக் காட்டினார்கள். பெய்ஜிங் கைகுலுக்கினால் போதும், கீழே எல்லாம் தானாக நடக்கும் என்று நம் ஆட்கள் நினைத்திருந்தார்கள். நடக்கவில்லை. நட்டம் ஏறியது. 2001-ல் பெரும்பான்மைப் பங்கு சீனத் தரப்புக்குப் போனது, நாம் 35 விழுக்காட்டுக்கு இறங்கினோம். பொறுப்பு அவர்கள் கைக்குப் போன பிறகு பூங்கா லாபம் காட்டியது, இன்று சீனாவின் பெயர்பெற்ற தொழிற்பூங்காக்களில் அதுவும் ஒன்று.

பெரிய நாடு என்பது ஒரே வாய், ஒரே கை கொண்டது இல்லை என்பதை நான் அங்கேதான் புரிந்துகொண்டேன். தலைநகரம் ஒன்று சொல்லும், மாநிலம் ஒன்று செய்யும், நகரம் தன் பங்கைப் பார்க்கும். சீனாவோடு வேலை செய்கிற யாரைக் கேட்டாலும் இதைத்தான் முதலில் சொல்வார்கள்.

நம் தொழிற்சாலை வேலைகளைச் சீனா எடுத்துக்கொண்டதா?

சிலவற்றை, ஆமாம். 1980-களின் இறுதியில் உலகத்தின் ஹார்ட் டிஸ்க்குகளில் பெரும்பங்கு சிங்கப்பூரிலிருந்து போனது. பிறகு அந்த வேலை மலேசியா, தாய்லாந்து, சீனா என்று நகர்ந்தது. என் அக்கா அப்படி ஒரு தொழிற்சாலையில் 17 வருஷம் பூதக்கண்ணாடிக்குக் கீழே சின்னச் சின்னப் பாகங்களைப் பொருத்தினார். மூடும்போது அவருக்கு 40 தாண்டிவிட்டது. பயிற்சி வகுப்புக்குப் போனார், வேலையும் கிடைத்தது. பழைய சம்பளம் மட்டும் திரும்பி வரவே இல்லை.

நாட்டுக் கணக்கில் பார்த்தால் இந்தக் கதை நன்றாகவே முடிந்தது. உலகில் செய்யப்படும் பத்து மின்னணுச் சில்லுகளில் ஒன்று இங்கே தயாராகிறது, சில்லு செய்யும் இயந்திரங்களில் ஐந்தில் ஒன்றும் இங்கேதான். துவாஸில் மருந்துத் தொழிற்சாலைகள் வரிசையாக நிற்கின்றன. உற்பத்தித் துறை இன்னும் நம் பொருளியலில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு. ஆனால் ஹார்ட் டிஸ்க் பொருத்திய கைகள் சில்லு வடிவமைக்கும் கைகளாக மாறவில்லை. அது வேறு ஆட்கள், வேறு படிப்பு.

அமெரிக்காவிலும் இப்படித்தான் நடந்தது. டேவிட் ஆட்டர், டேவிட் டோர்ன், கார்டன் ஹான்சன் என்ற மூன்று பொருளியல் அறிஞர்கள் அதை ஆராய்ந்தார்கள். சீன இறக்குமதியால் வேலை இழந்த ஊர்களில் மக்கள் வேறு ஊருக்கு, வேறு தொழிலுக்குச் சுலபமாகப் போய்விடவில்லை, பாதிப்பு பல ஆண்டுகள் அங்கேயே தங்கிவிட்டது என்று காட்டினார்கள். "நாளடைவில் சரியாகிவிடும்" என்று பாடப்புத்தகம் சொல்கிற அந்த நாளடைவு ஒரு மனிதரின் வேலைக்காலம் முழுவதையும் விழுங்கிவிடலாம். நான் அக்காவைப் பார்த்துத் தெரிந்துகொண்டதும் அதுதான். 40 வயதுக்கு மேற்பட்ட சிங்கப்பூரர்களுக்கு 2024 மே மாதம் ஸ்கில்ஸ்ஃபியூச்சர் என்ற அரசுத் திட்டத்தின் வழியாகப் பயிற்சிக்கென்று கொடுக்கப்பட்ட 4,000 வெள்ளியை நான் முழுமனதோடு வரவேற்றேன். அக்காவுக்கு அது 15 வருஷம் முன்னால் வந்திருக்க வேண்டும்.

மலிவாகப் பொருள் கிடைப்பது நல்லதுதானே?

நல்லதுதான். மாதக் கடைசியில் பிள்ளைக்குப் பள்ளிப் பை வாங்குகிறவருக்கு 20 வெள்ளி மிச்சமாவது சின்ன விஷயம் இல்லை. அதைக் கேவலமாகப் பேசுகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை.

அதே மலிவு பக்கத்து நாட்டில் வேறு மாதிரித் தெரியும். சிங்கப்பூரில் துணி ஆலை என்று சொல்லும்படி எதுவும் மிச்சமில்லை, அதனால் மலிவுச் சட்டை வந்தால் நமக்கு வலிக்காது. இந்தோனேசியாவில் துணி ஆலைகளை நம்பிப் பெரிய கூட்டமே இருக்கிறது. சீனாவில் வீட்டுச் சந்தை 2021-லிருந்து தளர்ந்து உள்நாட்டு வாங்குதல் குறைந்தபோது, அங்கே விற்காத சரக்கு தென்கிழக்காசியாவுக்குத் திரும்பியது. இந்தோனேசிய ஆலைகள் மூடியதற்கு அதுவும் ஒரு காரணம். 2025 மார்ச்சில் ஒரே நிறுவனத்தில் மட்டும் 10,000 பேருக்கு மேல் வேலை இழந்தார்கள்.

இணையத்தில் வாங்கும் பொருளுக்கு ஏன் வரி என்று கேட்பவர்களுக்கும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 400 வெள்ளிக்கு மேற்படாத பொருள் விமானத்திலோ அஞ்சலிலோ வந்தால் முன்பு பொருள் சேவை வரி கிடையாது. 2023 ஜனவரியிலிருந்து உண்டு. வரி கட்டி விற்கிற தேக்கா கடைக்காரரும் கட்டாமல் விற்கிற வெளிநாட்டுக் கடைக்காரரும் ஒரே விலையில் போட்டி போட முடியாதல்லவா?

கார் பற்றியும் கேட்கிறார்கள். 2025-ன் முதல் பாதியில் இங்கே ஆக அதிகம் விற்றது சீனாவின் பிஒய்டி. ஜப்பானியக் கார்தான் நம்பகம் என்று சொல்லி வளர்ந்த தலைமுறையைச் சேர்ந்தவன் நான். எங்கள் புளோக்கின் கார் நிறுத்துமிடமே மாறிவிட்டது.

அண்டை நாடுகளில் யார் பிழைத்தார்கள்?

வியட்நாமை முதலில் சொல்ல வேண்டும். அமெரிக்கா 2018-ல் சீனப் பொருள்கள்மீது தீர்வை போட்டதும் பல நிறுவனங்கள் ஒரு காலை அங்கே ஊன்றின. ஆனால் வியட்நாமில் பொருத்தப்படும் பொருளின் உள்ளே இருக்கும் பாகங்களில் நிறைய சீனாவிலிருந்து வருகிறது. நாங்கள் ஆவணத்தில் இதை நேராகப் பார்க்கிறோம்: பெட்டி ஹைபோங்கிலிருந்து கிளம்பும், அதற்குள் போன பாகங்கள் கிளம்பிய இடம் ஷென்ஜென்னாக இருக்கும்.

இந்தோனேசியா நிக்கல் தாதுவை அப்படியே விற்பதை 2020-ல் நிறுத்தியது. உருக்கி விற்றால்தான் உண்டு என்றது. சீன நிறுவனங்கள் சுலாவெசித் தீவில் உருக்காலைகள் கட்டின. வேலை வந்தது, ஏற்றுமதி வருமானம் ஏறியது, கூடவே நிலக்கரிப் புகையும் கெட்டுப்போன கடற்கரையும் வந்தன. அது நல்ல பேரமா என்று கேட்டால், பேரம் பேசத் துணிந்தார்கள் என்ற அளவில் எனக்கு மரியாதை உண்டு. மீனவக் குடும்பங்களைக் கேட்டால் பதில் வேறாக இருக்கும்.

டுரியான் பழத்தைச் சொல்லாமல் விட முடியாது. சீனர்கள் டுரியானுக்கு ஆசைப்பட்டதும் தாய்லாந்து, வியட்நாம், மலேசியத் தோட்டக்காரர்களுக்கு நல்ல காலம். 2024-ல் மலேசியாவிலிருந்து புதுப் பழமாகவே அனுப்ப அனுமதி கிடைத்தது. ரப்பரை வெட்டிவிட்டு மூசாங் கிங் ரக டுரியான் நட்டவர்கள் இருக்கிறார்கள். ஒரே வாடிக்கையாளரை நம்பி நட்ட மரம் என்பதுதான் எனக்குக் கவலை.

லாவோஸுக்கு 2021 டிசம்பரில் சீனாவின் குன்மிங்கிலிருந்து ரயில் வந்தது. கடல் இல்லாத நாட்டுக்கு அது பெரிய வாசல். செலவு சுமார் 600 கோடி அமெரிக்க டாலர், அத்தனை சிறிய நாட்டின் முதுகில் அது பெரிய பாரம்.

அம்பாந்தோட்டையைச் சீனா பிடுங்கிக்கொண்டது சரியா?

இலங்கை என்றால் நம் ஆட்களுக்குத் தனி அக்கறை, அதனால் இந்தக் கேள்வி நிற்காமல் வரும். துறைமுகம் சீனக் கடனில் கட்டப்பட்டு 2010-ல் திறக்கப்பட்டது. வருமானம் வரவில்லை. 2017-ல் சுமார் 112 கோடி டாலருக்கு ஒரு சீன அரசு நிறுவனத்துக்கு 99 ஆண்டுக் குத்தகைக்குப் போனது. இதுவரை எல்லோருக்கும் தெரியும். பலருக்குத் தெரியாதது, அந்தக் குத்தகைப் பணம் துறைமுகக் கடனை அடைக்கப் போகவில்லை என்பது. கடன் அப்படியே இருந்தது, பணம் இலங்கையின் அந்நியச் செலாவணி இருப்புக்குப் போனது, மற்றக் கடன்காரர்களுக்குக் கொடுப்பதற்காக. 2022 ஏப்ரலில் இலங்கை கடன் கட்டுவதை நிறுத்தியபோது வெளிநாட்டுக் கடனில் பெரிய பங்கு அனைத்துலகச் சந்தையில் விற்ற கடன்பத்திரங்கள். சீனாவின் பங்கு, எதை எதைச் சேர்த்துக் கணக்குப் போடுகிறோம் என்பதைப் பொறுத்து, 10 முதல் 20 விழுக்காடு.

அதனால் "பிடுங்கிக்கொண்டது" என்று சொன்னால் கொழும்பில் கையெழுத்துப் போட்டவர்களைத் தப்பவிடுகிறோம். அதே நேரம், வருமானம் வராத துறைமுகத்துக்குக் கடன் கொடுத்தவருக்கும் பொறுப்பு உண்டு.

கோபம் வந்தால் சீனா வர்த்தகத்தை நிறுத்திவிடுமா?

செய்திருக்கிறது. தென்கொரியா 2017-ல் அமெரிக்க ஏவுகணைத் தடுப்பு அமைப்பை நிறுவியபோது சீனக் குழுப் பயணங்கள் நின்றன. 2016-ல் சுமார் 80 லட்சமாக இருந்த சீனச் சுற்றுப்பயணிகள் அடுத்த ஆண்டு பாதியானார்கள். கொவிட் எங்கிருந்து வந்தது என்று விசாரணை கேட்ட ஆஸ்திரேலியாவுக்கு 2020-ல் பார்லி, ஒயின், நிலக்கரி என்று வரிசையாக அடி. பார்லிக்காரர்கள் சவூதி அரேபியா போன்ற வேறு சந்தைகளைப் பிடித்தார்கள். ஒயின்காரர்களால் அவ்வளவு சீக்கிரம் முடியவில்லை, சீனா விரும்பும் ரகத்தையே நம்பித் தோட்டம் போட்டிருந்தார்கள்.

நமக்கும் ஒரு முறை நடந்தது. 2016 நவம்பரில் தைவான் பயிற்சியிலிருந்து திரும்பிய நம் ராணுவத்தின் ஒன்பது டெரெக்ஸ் கவச வாகனங்கள் ஹாங்காங் துறைமுகத்தில் தடுத்து வைக்கப்பட்டன. 2017 ஜனவரியில்தான் திருப்பித் தர ஒப்புக்கொண்டார்கள். அந்த இரண்டு மாதமும் எங்கள் அலுவலகத்தில் வேறு பேச்சே இல்லை. ஒரு பெட்டி வழியில் எந்தத் துறைமுகத்தில் இறங்கி ஏறுகிறது என்பது வெறும் செலவுக் கணக்கு என்று அதுவரை நினைத்திருந்தோம்.

அப்படியானால் அமெரிக்காவோடு சேர்ந்துகொள்ளலாமே?

அமெரிக்க நிறுவனங்கள்தான் இங்கே ஆக அதிகம் முதலீடு செய்திருக்கின்றன. சீனாவோடுதான் சரக்கு வர்த்தகம் அதிகம். ஒன்றைப் பிடித்துக்கொண்டு மற்றதை விட்டால் பாதிப்பேர் வேலைக்கு வழியில்லாமல் நிற்பார்கள். அமெரிக்காவோடு 2004-லிருந்து நமக்குத் தடையற்ற வர்த்தக உடன்பாடு உண்டு. அமெரிக்கப் பொருளுக்கு நாம் தீர்வை போடுவதில்லை, நம்மோடு நடக்கும் வர்த்தகத்தில் மிச்சம் அவர்களுக்குத்தான். அப்படியிருந்தும் 2025 ஏப்ரலில் டிரம்ப் அரசு நம் பொருள்கள்மீது 10 விழுக்காடு தீர்வை அறிவித்தது. ஒரே ஒரு பெரிய நண்பரை நம்புவதன் ஆபத்து இரண்டு பக்கமும் இருக்கிறது.

ஆர்செப், ஆசியான்–சீனா உடன்பாடு என்கிறார்களே, சாதாரண ஆளுக்கு அதில் என்ன?

இது என் சொந்தத் தொழில் என்பதால் ஆர்வமாகச் சொல்கிறேன். ஒரு பொருள் உண்மையில் எந்த நாட்டில் செய்யப்பட்டது என்பதற்கு ஒரு சான்றிதழ் வேண்டும். ஆசியான்–சீனா உடன்பாட்டில் அதற்கு ஃபார்ம் ஈ என்று பெயர். அது சரியாக இருந்தால் தீர்வை இல்லை அல்லது குறைவு. ஒரு எழுத்து தவறினாலும் பெட்டி துறைமுகத்தில் நிற்கும், நாள்வாடகை ஏறும். 2022 ஜனவரியில் நடப்புக்கு வந்த ஆர்செப் (RCEP) என்ற வட்டார வர்த்தக உடன்பாடு 15 நாடுகளைச் சேர்த்தது. தாய்லாந்தில் செய்த பாகம், மலேசியாவில் செய்த பாகம் எல்லாவற்றையும் ஒன்றாகக் கூட்டித் தகுதி காட்டலாம். சிறிய நாடுகளுக்கு இந்தச் சலிப்பூட்டும் காகிதங்கள்தான் பாதுகாப்பு. எழுதிவைத்த விதி இருந்தால் பெரியவரிடமும் "இதோ பாருங்கள்" என்று காட்டிக் கேட்கலாம். விதி இல்லாத இடத்தில் கெஞ்சத்தான் வேண்டும்.

சீனத் துறைமுகங்கள் நம் துறைமுகத்தை விழுங்கிவிடுமா?

ஷாங்காய் 2010-லேயே நம்மைத் தாண்டிவிட்டது. ஆனால் அங்கே இறங்கும் பெட்டிகளில் பெரும்பாலானவை சீனாவுக்கே உரியவை. இங்கே வருபவை பெரும்பாலும் கப்பல் மாறிப் போகிறவை. 2024-ல் 20 அடிப் பெட்டிக் கணக்கில் முதன்முறையாக 4 கோடியைத் தாண்டினோம். துவாஸ் துறைமுகம் 2040-களில் முடியும்போது அது ஒன்றே ஆறரைக் கோடியைக் கையாளும். கப்பல் மாறுவதற்கு இங்கே வந்தே ஆக வேண்டும் என்று சட்டம் எதுவும் இல்லை. வேகமாகவும் தவறில்லாமலும் வேலை நடக்கிற வரைக்கும்தான் வருவார்கள். மாமாவின் கடை இங்கேதான் மனத்தில் நிற்கிறது.

இந்தியா வளர்வதும் இதே மாதிரி நம்மைப் பாதிக்குமா?

பாதிக்கத் தொடங்கிவிட்டது, நம் சமையலறையிலிருந்தே. 2023 ஜூலையில் பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதியை இந்தியா தடை செய்தது. அடுத்த மாதம் புழுங்கலரிசிக்கு 20 விழுக்காடு ஏற்றுமதித் தீர்வை. சிங்கப்பூர் 2022-ல் இறக்குமதி செய்த அரிசியில் சுமார் 40 விழுக்காடு இந்தியாவிலிருந்து வந்தது. தேக்காவில் பொன்னி அரிசி மூட்டைக்கு ஆட்கள் வரிசையில் நின்றதை நானே பார்த்தேன். சிங்கப்பூர் தனியாகப் பேசி விலக்கு வாங்கியது. இறக்குமதியாளர்கள் மாத இறக்குமதியைப் போல இரு மடங்கு அரிசி இருப்பு வைக்க வேண்டும் என்ற பழைய விதியும் கைகொடுத்தது. 140 கோடிப் பேருக்குச் சோறு போட வேண்டிய அரசு முதலில் தன் மக்களைத்தான் பார்க்கும். அதில் தவறு காண முடியாது. ஆனால் பெரிய நாடு தன் வீட்டுக்காக எடுக்கும் முடிவு சின்ன நாட்டின் சட்டிவரை வந்துவிடுகிறது.

இன்னொரு பாதிப்பு அரிசியைவிட ஆழமானது. இந்தியாவோடு 2005-ல் கையெழுத்தான சீக்கா (CECA) என்ற பொருளியல் ஒத்துழைப்பு உடன்பாட்டால்தான் இந்தியர்கள் தாராளமாக வேலைக்கு வருகிறார்கள் என்ற பேச்சு இங்கே பரவியது. உடன்பாடு யாருக்கும் தானாக வேலை அனுமதி கொடுப்பதில்லை என்று அமைச்சர்கள் 2021 ஜூலையில் நாடாளுமன்றத்தில் விளக்கினார்கள். அப்படியும் "சீக்கா" என்பது சாலையில் எறியும் வசைச்சொல்லாக ஆகிவிட்டது. மூன்று தலைமுறையாக இங்கே இருக்கிற, தேசிய சேவை செய்த என் மகனிடம் ரயிலில் ஒருவர் அதைச் சொன்னார். வீட்டுக்கு வந்து வெகுநேரம் அவன் பேசவில்லை. அந்த ஆளுடைய வேலைப் பயம் உண்மையாக இருக்கலாம். அதை என் பிள்ளையின் முகத்தில் எறிவதற்கு அது காரணமாகாது. சீனாவிலிருந்து புதிதாக வந்தவர்களைப் பார்த்து நம்மவர்கள் முணுமுணுக்கும்போதும் எனக்கு அந்த ராத்திரி ஞாபகம் வருகிறது.

பழைய காலத்தில் இப்படி நடந்ததுண்டா?

தமிழர்களான நாமே அந்தப் பெரிய நாடாக இருந்ததுண்டு. 1025-ல் ராஜேந்திர சோழனின் கடற்படை சுமத்ராவின் ஸ்ரீவிஜயத்தையும் இன்றைய மலேசியாவின் கெடாவான கடாரத்தையும் தாக்கியது. சீனாவுக்குப் போகும் கடல்வழி வணிகமும் அதற்கு ஒரு காரணம் என்று வரலாற்றாசிரியர்கள் பலர் கருதுகிறார்கள். சுமத்ராவின் பாருஸில் 1088-ஐச் சேர்ந்த தமிழ் வணிகக் குழுக் கல்வெட்டு கிடைத்தது, சீனாவின் சுவான்சோவில் 1281-ஐச் சேர்ந்த தமிழ்க் கல்வெட்டு. கடாரத்தில் அன்று கடை வைத்திருந்தவர்களுக்குச் சோழர்கள் எப்படித் தெரிந்திருப்பார்கள் என்று யோசிப்பேன்.

உங்கள் மாமாவின் கடை என்ன ஆயிற்று?

2012-ல் மொத்த வியாபாரத்தை மூடினார். ஒரு வருஷம் கோவிலுக்குப் போவதும் வருவதுமாக இருந்தார். பிறகு அவர் மகள் அதே பிளாஸ்டிக் பூக்களை வைத்துக் கல்யாண மணவறை அலங்காரம் செய்ய ஆரம்பித்தாள். பூ இப்போதும் யீவூவிலிருந்துதான் வருகிறது, ராத்திரி படுக்கப்போகும் முன் கைப்பேசியில் ஆர்டர் போட்டுவிடுவாள். காலை 4 மணிக்கு மண்டபத்துக்குப் போய்க் கட்டுவதற்கும், மத்தியானம் பிரித்து எடுப்பதற்கும்தான் அவளுக்குப் பணம். மாமாவுக்கு 78 வயது. எந்தப் பூ வேர்வைக்கும் வெயிலுக்கும் சாயம் போகாது என்று தொட்டுப் பார்த்துச் சொல்வது இன்னும் அவர் வேலை.